மழைநாள் யார் கணக்கில்?

விடியற்காலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் பெய்கிற மழைக்கு மலாக்காத் தோட்டங்களில் ஒரு விலை இருந்தது. பகலில் பெய்தால் அது வெறும் மழை. அந்த நேரத்தில் பெய்தால் அன்றைய கூலி போச்சு. பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் நிறைந்து அழுத்தத்தோடு நிற்பது இரவின் கடைசிப் பகுதியில்தான். வெயில் ஏறி, இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் தளரும், ஒழுக்கு குறையும். அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்தார்கள். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது; மரத்தைச் சுற்றிப் பரவி வழிந்துவிடும். பால் சேரும் மங்கில் விழுந்த கொஞ்சமும் மழைநீரோடு கலந்து வீணாகும். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில், மேற்பார்வையாளரான தண்டல் வானத்தைப் பார்ப்பார். தொழிலாளர்கள் தண்டலைப் பார்ப்பார்கள்.

பருவநிலை மாற்றம் ஏழைகளை எப்படித் தாக்குகிறது என்ற பேச்சைத் துருவத்துப் பனியிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்தச் சொற்பொழிவு பிரட்டுக்களத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வானம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது, காய்கிறது. அதனால் வரும் நட்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை வானம் முடிவு செய்வதில்லை. கூலி ஒப்பந்தம் முடிவு செய்கிறது. வீட்டுப் பத்திரம் முடிவு செய்கிறது. அடையாள அட்டையின் நிறம்கூட முடிவு செய்கிறது. மலாக்கா மாநிலத்தின் தமிழர் வரலாற்றில் இந்தக் கணக்கு எழுதப்பட்ட விதத்தைத் தெளிவாகவே பார்க்கலாம்.

1896இல் டான் சாய் யான் என்ற சீனத் தொழிலதிபர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, கேட்பவரை எல்லாம் ரப்பர் நடச் சொல்லிச் சலிக்காமல் வற்புறுத்தி வந்த காலம் அது. மலாயாவில் வணிக நோக்கோடு போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் இதுதான். பிறகு அவரே புக்கிட் அசஹானில் 3,000 ஏக்கர் அளவுக்குப் போனார். அதற்கு முன் அந்த நிலங்களை ஆண்டது மரவள்ளி. காட்டை வெட்டி மரவள்ளி நட்டு, மண்ணின் சத்து தீர்ந்ததும் லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அதாவது, தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இறங்கியபோது, மலாக்காவின் காடு ஒரு சுற்று அழிந்து முடிந்திருந்தது. அடுத்த சுற்றுக்கான உழைப்பு அவர்களுடையது. புக்கிட் லிந்தாங், டயமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் என்ற பெயர்கள் இன்றைய பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் அவை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முழு உலகம்.

அந்த உலகத்தில் நிலம் நிர்வாகத்துடையது, குடியிருந்த லயம் நிர்வாகத்துடையது, மரம் நிர்வாகத்துடையது. மழை மட்டும் தொழிலாளியுடையது! நாள்கூலி முறையின் சாரம் இவ்வளவுதான். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு நடத்திய நீண்ட போராட்டத்தைச் சிலர் வெறும் கூலி உயர்வுக் கோரிக்கையாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அது உண்மையில் வானிலையைப் பற்றிய போராட்டம். 1990இல் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது கேட்டது, மழை பெய்தாலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதைத்தான். மாதச் சம்பளம் என்று ஒன்று கையெழுத்தாகி, 2003இல் அது 350 ரிங்கிட்டில் நின்றது. 2013இல் தீபகற்ப மலேசியாவில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தது; 2025இல் அது 1,700 ஆகியிருக்கிறது. எடைக்கணக்கில் கூலி வாங்குவோருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஆக, மழையின் நட்டத்தில் ஒரு பகுதி நிர்வாகத்தின் கணக்குக்கு மாற நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. ஒப்பந்தக்காரருக்குக் கீழே, இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம் என்று லாரியில் போகிறவர்களுக்குப் பழைய கணக்கே தொடர்கிறது.

இந்தப் பழைய கணக்கின் மேல்தான் புதிய வானிலை வந்து உட்காருகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியது மொத்தமாக இறங்கும்போது மழை கனமழையாகிறது. ரப்பருக்கு அதனால் வேலைநாள் குறைவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2017 வாக்கில் பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற பூஞ்சை நோய் மலேசிய ரப்பரில் பரவத் தொடங்கியது. ஈரம் மிகுந்த காலத்தில் கிளம்பி, இலையில் வட்ட வட்டமாகப் புள்ளி போட்டு, மரத்தையே மொட்டையடித்துவிடுகிற நோய் அது. வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்க்கும் மரம், நோய் வந்தால் மறுபடியும் உதிர்க்கிறது. இலை இல்லாத மரத்தில் பால் ஏது?

ஆனால், மலாக்காவில் இப்போது ரப்பரைவிடக் கண்ணில் படுவது செம்பனை. அது வெயிலையும் வறட்சியையும் கணக்கு வைக்கிற விதம் வேறு. அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செம்பனையின் ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பூங்கொத்து உருவாகும். அது ஆண் பூவா, பெண் பூவா என்பது குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. நீர் தட்டுப்பட்டால் மரம் ஆண் பூக்களையே அதிகம் விடும். ஆண் பூவில் குலை கிடையாது. பாதி வளர்ந்த பெண் பூவும் வறட்சி மிஞ்சினால் கருகிவிடும். எனவே, இந்த ஆண்டு காய்ந்த வெயிலின் தண்டனை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வெட்டுகிறவன் தலையில் விழும். அப்போது மழை நன்றாகப் பெய்துகொண்டிருக்கும்; மரம் பச்சைப் பசேல் என்று நிற்கும்; குலை மட்டும் இருக்காது.

2015–16 எல் நினோ இதை நாடு முழுக்கக் காட்டியது. 2015இல் மலேசியத் தோட்டங்கள் ஹெக்டேருக்குச் சராசரியாக 18.48 டன் குலை தந்தன. 2016இல் அது 15.91 டன்னுக்கு இறங்கியது. கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடி டன்னாகக் குறைந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய வரி இனிமேல்தான் வருகிறது. சரக்கு குறைந்ததால் விலை ஏறியது. டன் 2,150 ரிங்கிட் அளவில் இருந்த ஆண்டுச் சராசரி 2,650 ரிங்கிட் அளவுக்குப் போனது. எண்ணெய் விற்கிறவருக்குக் குறைந்த விளைச்சலை ஏறிய விலை பெருமளவு ஈடுகட்டிவிட்டது. குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு? விலையை ஒட்டிய ஊக்கத்தொகை கொஞ்சம் வரலாம். ஆனால் அவர் அன்றைக்கு வெட்டியது குறைவு. ஒரு குலைக்கும் அடுத்த குலைக்கும் நடுவில் நடந்த தூரம் அதிகம். ஒரே வறட்சிதான், ஒருவருடைய பேரேட்டில் அது சமனாகிறது, மற்றவருடைய கடைக்கணக்கில் கடனாகிறது.

வெட்டுகிறவரின் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வளர்ந்த மரத்துக்கு நீண்ட குழாயின் நுனியில் அரிவாளைப் பூட்டி, கழுத்தை அண்ணாந்து, மட்டையை முதலில் அறுத்து, பிறகு குலையை இறக்குகிறார். இருபது கிலோ, சில வேளை அதற்கும் மேல் எடையுள்ள அந்தக் குலையை வண்டியில் தள்ளிச் சாலையோரம் சேர்க்கிறார். அவர் மனைவியோ கூட்டாளியோ உதிரிப்பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். மரங்களுக்கு நடுவே காற்று அசையாது. மலாக்கா கடலோர மாநிலம் என்பதால் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியுமே தவிர, உலர்ந்து உடம்பைக் குளிர்விக்காது.

இங்கேதான் நம் எச்சரிக்கை முறையின் ஓர் ஓட்டை தெரிகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால் முதல் நிலை எச்சரிக்கை, 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40க்கு மேல் போனால் மூன்றாம் நிலை என்று அறிவிக்கிறது. இந்த அளவுகோலில் ஈரப்பதம் இல்லை. பெர்லிஸின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவாகி நாட்டின் உச்சமாக நிற்கிறது. அந்த வடக்கத்திய வறண்ட வெயிலுக்குத்தான் இந்த அளவுகோல் நன்றாகப் பொருந்தும். மலாக்காவில் 34 டிகிரியில், புழுக்கத்தில், குலை தள்ளுகிறவரின் இதயம் படும் பாட்டுக்கு அதில் எந்த நிலையும் கிடையாது. வேலையிடத்து வெப்ப அயர்ச்சி பற்றி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரப்பதத்தையும் சேர்த்து அளப்பது, நிழலில் ஓய்வு, குடிநீர், புதியவரை மெல்ல மெல்ல வேலைக்குப் பழக்குவது என்று அதில் நல்லது பலவும் இருக்கிறது. ஆனால், வழிகாட்டி என்பது வழிகாட்டிதான். எடைக்கணக்கில் கூலி வாங்குகிறவர் நிழலில் உட்கார்ந்தால் அந்த அரைமணி நேரம் அவர் பையிலிருந்தே போகிறது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2019இல் கணித்தது இதுதான்: 2030வாக்கில் உலகின் வேலைநேரத்தில் 2.2 சதவீதம், அதாவது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமான நேரம், வெப்பத்தில் கரையும். அதில் 60 சதவீதம் விவசாயத்தில்.

இந்த இடத்தில் தமிழர் அவை ஒன்றில் சற்றுச் சங்கடமான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இன்று அந்தக் குழாயைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் தமிழர் அல்லர். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளி. நம் தாத்தா இருந்த லயத்தில் அவர் இருக்கிறார். மழைநாள் யார் கணக்கில் என்று நம் பாட்டி கேட்ட அதே கேள்வியை வேறு மொழியில் கேட்கிறார். கங்காணி காலத்துக் கொடுமைகளை மேடைதோறும் கண்ணீரோடு பேசுகிற சமூகம், அதே லயத்தில் இப்போது வெயிலில் வேகிறவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நியாயமில்லை.

சரி, தமிழர்கள் எங்கே போனார்கள்? தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கும், செம்பனையிலிருந்து வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது, மூன்று தலைமுறை உழைத்தவர்கள் கையில் நிலம் இல்லாமல் வெளியேறினார்கள். மலாக்கா நகர ஓரத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் வேலை, பாதுகாவலர் வேலை, துப்புரவு வேலை, இப்போது மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலை. மரத்தடி நிழலாவது இருந்த இடத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நகரத்தில் வானிலை குழாய்வழியே வருகிறது. மலாக்கா சின்ன மாநிலம்; பெரிய ஆறு இல்லை. குடிநீருக்கு டுரியான் துங்கால் அணையையும், பக்கத்து ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்து வாங்கும் நீரையும் பெரிதும் நம்பியிருக்கிறது. 1991இல் அந்த அணை வறண்டு தரை தெரிந்தது. மாதக்கணக்கில் மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஜூஸ் அணை கட்டப்பட்டது. அப்படியும் 2020 ஜனவரியில் அணை நீர் மட்டம் சரிந்து, லட்சக்கணக்கானோருக்குக் குடிநீர் முறைவைத்து விடப்பட்டது. மேகத்தில் உப்பு தூவி மழை வரவழைக்கப் பார்த்தார்கள். ஆண்டின் தொடக்க மாதங்கள் மலாக்காவுக்கு வறண்ட காலம். மாசி மகத்துக்குப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலைக்குத் தேர் போகும்போது வெறுங்காலோடு நடக்கிற பக்தர்களுக்கு அந்தக் காலத்துத் தார்ச்சாலையின் சூடு தெரியும்.

முறைவைத்துத் தண்ணீர் விடும்போது எல்லோருக்கும் ஒரே முறைதான். தரைவீட்டுக்காரர் கூரைக்கு மேல் பெரிய தொட்டி வைத்திருப்பார்; தண்ணீர் நின்றதே அவருக்கு மாலையில்தான் தெரியும். அடுக்குமாடியில் நான்காம் மாடிக் குடும்பத்துக்கு வாசலில் தண்ணீருக்கு ஒரு நீலத் தோம்பும், குளியலறையில் இரண்டு வாளியும். குழாயில் நீர் திரும்பியதும் கீழ்வீடுகளில் அழுத்தம் வந்து, மேல்வீட்டுக்கு ஏற நேரம் பிடிக்கும். இரவு வேலைக்குப் போகிறவர் தண்ணீர் பிடிக்கத் தூக்கத்தை விடுகிறார், அல்லது பிள்ளை பள்ளிக்குத் தாமதமாகிறது. அரசாங்கத்தின் எந்த நட்டக்கணக்கிலும் இந்தத் தூக்கம் ஏறுவதில்லை.

தண்ணீர் அதிகமானால் இன்னொரு கதை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலம் அது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கிய இடம். கூரைமேல் நின்று உதவிக்குக் கையசைத்தவர்களை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. புத்தாண்டு பிறந்ததும் வெள்ளம் தெற்கே ஜொகூர், நெகிரி செம்பிலான், மலாக்கா என்று இறங்கியது. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் துயர்துடைப்பு மையங்கள் திறக்கப்பட்டன. அந்தப் பருவத்தின் மொத்த நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. தாழ்ந்த நிலம் ஏன் மலிவு என்பதும், மலிவான நிலத்தில் யார் வீடு வாங்குகிறார்கள் என்பதும் விளக்கம் தேவைப்படாத விஷயங்கள்.

வெள்ளம் வடிந்த பின்தான் விண்ணப்பப் பாரங்கள் வருகின்றன. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் கருணைத்தொகை கொடுத்தது, நல்ல காரியம்தான். ஆனால், நிவாரண மையத்தில் பெயர் பதிந்த குடும்பத்துக்கு அது எளிது. அக்காள் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ ஒதுங்கியவர், தாம் பாதிக்கப்பட்டவர் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்கும் உதவி வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கும், இன்னும் தோட்ட வீட்டிலேயே தங்கிவிட்ட கிழவிக்கும் வீடு என்பது யாரோ ஒருவருடையது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இந்த நாட்டிலேயே பிறந்து முதுமையடைந்துவிட்ட தோட்டத்துத் தமிழர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாரத்தில் குடியுரிமை கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் அவர்கள் பேனா நின்றுவிடும்.

இதை மலேசியாவின் தனிக்குறையாகச் சொல்வது தவறு; உலகக் கணக்கும் இப்படித்தான் எழுதப்படுகிறது. 1990 முதல் 2015 வரை உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் பாதிக்கு மேல், மேலடுக்கில் உள்ள 10 சதவீதத்தினருடையது. கீழ்ப்பாதி உலகத்தின் பங்கு 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் 2020இல் கணக்கிட்டது. 2030க்குள் மேலும் 10 கோடிப் பேர் வறுமைக்குத் தள்ளப்படலாம் என்று 2015இலேயே உலக வங்கி எச்சரித்தது. 2022இல் பாகிஸ்தான் வெள்ளம் 3 கோடியே 30 லட்சம் பேரைப் பாதித்த அதே ஆண்டில்தான், ஏழை நாடுகளின் இழப்புக்கு ஒரு நிதியம் வேண்டும் என்பதை ஐ.நா. பருவநிலை மாநாடு ஒப்புக்கொண்டது. நாடுகளுக்கு இடையில் நடக்கும் இந்த வழக்குதான் தோட்டத்துக்குள்ளும் சிறு அளவில் நடக்கிறது.

தீர்வு என்று பெரிதாகப் பேசுவதற்கு முன், பக்கத்தில் நடப்பதைப் பார்க்கலாம். 2010இன் கொடுங்கோடைக்குப் பிறகு அகமதாபாத் நகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் அதுவே முதல். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று முடிவு செய்தது. இறந்த பிறகு கொடுப்பது அது. உயிரோடிருப்பவருக்குக் கொடுக்கும் முயற்சியை இந்தியாவின் சேவா பெண் தொழிலாளர் சங்கம் காப்பீட்டு வழியில் செய்து பார்க்கிறது: வெப்பம் குறித்த அளவைத் தாண்டினால், யாரும் மனுப் போடாமலேயே உறுப்பினருக்குப் பணம் போகும். 2024 கோடையில் பல்லாயிரம் பெண்களுக்குத் தலைக்கு 400 ரூபாய் சேர்ந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று ஒரு பெண் முடிவெடுக்கக் கூடிய தொகை.

மலேசியாவுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. மழைக்காலத்தில் மரம் சீவ முடியாத ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கும், அவர்களிடம் சீவுகிறவர்களுக்கும் அடைமழைக்கால உதவி என்று மாதம் 200 ரிங்கிட் வீதம் சில மாதங்களுக்கு அரசாங்கமே கொடுத்து வருகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொழிலாளியின் தனிச் செலவாக இருந்த மழை, இங்கே பொதுச் செலவாக ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. அதை வெயிலுக்கும் நீட்டிப்பதும், வெப்ப வழிகாட்டியைச் சட்ட விதியாக்கி, ஓய்வு நேரத்துக்கும் கூலி எழுதுவதும் அடுத்த படி. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கம் மேசைமேல் வைக்கக்கூடிய கோரிக்கை இது. அடைமழை உதவியைப் பெற ரப்பர் விற்பனை அனுமதி அட்டை வேண்டும். சம்பளத்துக்குக் குலை வெட்டுகிறவரிடமோ, ஒப்பந்தக்காரரின் லாரியில் வருகிறவரிடமோ, கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டு லயத்தில் இருக்கிற வங்காளதேசத்தவரிடமோ அந்த அட்டை கிடையாது. உதவி பெறுவோர் பட்டியலை விரிக்கத் தொடங்க வேண்டிய இடம் அவர்கள் பெயர்தான்.